கால்நடைகளின் ஈற்று: இயல்பும் இடர்ப்பாடும் – ஒரு வரலாறு

பசு, எருமை, ஆடு, குதிரை, பன்றி, நாய் முதலிய வீட்டு விலங்குகள் கருவைச் சுமந்து, காலம் வந்ததும் குட்டியை வெளியேற்றுவது ஈற்று எனப்படும். ஊர்ப்பேச்சில் மாடு கன்று போட்டது, ஆடு குட்டி போட்டது என்கிறோம். யாருடைய உதவியும் இல்லாமல் நடந்து முடிந்தால் அது இயல்பு ஈற்று. குட்டி வழியில் சிக்கிக்கொண்டாலோ, தாயிடம் முக்குவதற்கு வலு இல்லாமல் போனாலோ, வழியே அடைபட்டிருந்தாலோ அது கடின ஈற்று. மனிதன் விலங்குகளைப் பழக்கிய நாள் முதல் இந்த இரண்டையும் பார்த்து வந்திருக்கிறான். ஆனால் கடின ஈற்றில் தாயையும் கன்றையும் ஒருசேரக் காப்பாற்றும் திறமை அவனுக்கு வந்து நூறு ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. அந்த நீண்ட இடைவெளியில் என்ன நடந்தது என்பதே இக்கட்டுரை.

இயல்பு ஈற்று

முதலில் அடிப்படை. சினைக்காலம் பசுவுக்குச் சுமார் 280 நாள், எருமைக்கு 310 நாள், வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் 150 நாள், குதிரைக்கு 11 மாதம், பன்றிக்கு 114 நாள், நாய்க்கு 63 நாள். ஒட்டகம் 13 மாதம் சுமக்கிறது.

நாள் நெருங்கும்போது மடி பெருத்து இறங்கும். வாலின் இருபுறமும் உள்ள தசைநார்கள் தளர்ந்து குழி விழும். இதைக் கண்டு, "இன்றோ நாளையோ" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். பிறகு ஈற்று மூன்று கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் கருப்பை வாய் திறக்கிறது. மாடு படுப்பதும் எழுவதுமாக, தீனியில் மனமின்றி இருக்கும். இரண்டாம் கட்டத்தில் பனிக்குடம் வெளிப்பட்டு உடையும், குளம்புகள் தெரியும், கன்று வெளிவரும். மூன்றாம் கட்டத்தில் நஞ்சுக்கொடி விழும். அரை நாள் கடந்தும் அது விழாவிட்டால் கவலைப்பட வேண்டும்.

குளத்தில் தலைகீழாகப் பாயும் சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள். இரு கைகளும் முன்னே நீண்டிருக்கும், தலை கைகளுக்கு இடையே இருக்கும். கன்று வர வேண்டிய நிலை அதுதான். இருபது கன்றுகளில் பத்தொன்பது ஏறத்தாழ இப்படியே வருகின்றன. பின்னங்கால் முதலில் வந்தாலும் கன்று பிழைக்கலாம். ஆனால் தலை உள்ளே இருக்கும்போதே தொப்புள் கொடி நசுங்கிவிடுவதால் அங்கே நேரம் மிகக் குறைவு.

வெளியே தெரியும் கால் முன்னங்காலா, பின்னங்காலா என்று கையால் தடவியே அறியலாம். குளம்புக்கு மேலுள்ள இரண்டு மூட்டுகளும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால். ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் மடங்கினால் பின்னங்கால். இதைப் படிப்பறிவில்லாத மேய்ப்பர்கள் எல்லா நாடுகளிலும் அறிந்திருந்தார்கள். கல்லூரியில் படித்து வந்தவர்கள் அவர்களிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கல்லறைச் சுவரிலிருந்து ரோமானியப் பண்ணை வரை

எகிப்தின் சக்காராவில் தீ என்னும் உயர் அதிகாரியின் கல்லறை இருக்கிறது. ஐந்தாம் அரசமரபைச் சேர்ந்தது, அதாவது இன்றைக்குச் சுமார் 4,400 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதன் சுவர்ச் சிற்பம் ஒன்றில் பசு கன்று ஈனுகிறது. கன்றின் தலையும் முன்னங்கால்களும் வெளியே வந்திருக்கின்றன. ஒரு மாட்டுக்காரர் அதைப் பிடித்து இழுத்து உதவுகிறார். அதிகாரியின் செல்வத்தைக் காட்ட வரைந்த காட்சிதான். ஆயினும் ஈற்றுக்கு மனிதன் துணை நின்றதற்கு நம் கண்முன் உள்ள மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று.

எழுத்தில் தெளிவான குறிப்பு ரோமானியரிடம் கிடைக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா, இன்றைய ஸ்பெயினின் காடிஸ் நகரத்துக்காரர், வேளாண்மை பற்றிப் பன்னிரண்டு பகுதிகளில் நூல் எழுதினார். அதன் ஏழாம் பகுதியில் செம்மறி ஆட்டைப் பற்றிச் சொல்லும்போது, சினை ஆட்டை மேய்ப்பவன் மருத்துவச்சிக்குக் குறையாத கவனத்தோடு காக்க வேண்டும் என்கிறார். குட்டி குறுக்காகச் சிக்கினால் முழுதாக வெளியே எடுக்கவும், அது முடியாதபோது தாய்க்கு ஊறு வராமல் கருவியால் துண்டித்து எடுக்கவும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் எழுதுகிறார்.

இதே சிக்கலை மனிதத் தாய்மாரிடம் கண்ட சுசுருத சங்கிதை அதை மூடகர்ப்பம் என்று அழைத்தது. இறந்த சிசுவை அறுத்து எடுக்க நேர்ந்தால் முனை கூரான கத்தியைத் தவிர்த்து, முனை வட்டமான கத்தியையே கொள்ள வேண்டும் என்கிறது அந்நூல். கூர்முனை தாயின் உறுப்பைக் கிழித்துவிடும் என்பதே காரணம். இருட்டில், கண்ணால் பார்க்க முடியாத இடத்தில், விரல் நுனியையே நம்பிச் செய்யும் வேலை அது. இரு நாட்டாரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். குட்டியைக் கைவிட்டால் தாயைக் காக்கலாம். இந்தக் கணக்கு அடுத்த பல நூற்றாண்டுகளுக்கு மாறவில்லை.

ஊர் வழக்கம்

நம் ஊர்களில் மாட்டு வைத்தியம் அறிந்தவர் ஒருவர் இருப்பார். குளம்புக்கு மேல் கயிற்றைச் சுருக்கிட்டு, மாடு முக்கும்போது மட்டும் இழுத்து, அது ஓய்ந்தால் தாமும் ஓய வேண்டும் என்பதை அவர் அறிவார். இழுக்கும் திசை நேராக இருக்கக் கூடாது, மெல்லக் கீழ்நோக்கி வளைய வேண்டும் என்பதையும் அறிவார். கன்று விழுந்ததும் மூக்கில் உள்ள சளியை வழித்தெடுப்பார். விழுந்த நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரக் கிளையில் கட்டுவது பல ஊர்களில் இன்றும் உண்டு. கிள்ளினால் பால் வடியும் மரம் ஆதலால் மாட்டுக்கும் பால் பெருகும் என்பது நம்பிக்கை. பெருகுகிறதோ இல்லையோ, நஞ்சுக்கொடி மாட்டின் வாய்க்கும் நாயின் வாய்க்கும் எட்டாமல் போகிறது. அது நல்லதுதான். நோயுள்ள மாட்டின் நஞ்சுக்கொடி கருச்சிதைவு நோயைப் பரப்பக்கூடியது.

ஆனால் கயிறும் கைப்பழக்கமும் உதவாத இடங்கள் இருந்தன. நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது பக்கத்து வீட்டு எருமை இரண்டு நாள் முக்கியது. பனிக்குடம் வெளியே வரவே இல்லை. நான்கு ஆண்கள் மாறி மாறிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அது செத்துக் கிடந்தது. அந்த வீட்டில் பால் விற்ற காசில்தான் இரு பிள்ளைகள் படித்தார்கள். அவர்களில் ஒருவன் என் வகுப்புத் தோழன். அந்த ஆண்டு முடியும் முன்பே அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். அந்த எருமைக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோதுதான் புரிந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

பன்றிக்கு விதை நீக்கியவரின் கதை

விலங்கு வைத்தியமும் மனித வைத்தியமும் சந்தித்ததாகச் சொல்லப்படும் பழைய கதை ஒன்று சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. சுமார் 1500-ஆம் ஆண்டில் ஜேக்கப் நூஃபர் என்பவர், பன்றிகளுக்கு விதை நீக்கும் தொழில் செய்தவர், பல நாள் பிரசவ வேதனையில் கிடந்த தம் மனைவியின் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தாராம். மனைவி பிழைத்தாராம், பிறகும் குழந்தைகள் பெற்றாராம். பெண் பன்றியின் வயிற்றைத் திறந்து கருவகத்தை நீக்கித் தைத்துவிடும் கைப்பழக்கம் அவருக்கு இருந்திருக்கும். எனவே கதை முற்றிலும் நம்ப முடியாதது அல்ல. ஆனால் இதைக் காஸ்பர் பவுஹின் என்ற மருத்துவர் எழுதி வைத்தது எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு. அதனால் வரலாற்றாசிரியர்கள் பலர் ஐயப்படுகிறார்கள். மாணவர்கள் இதைச் செய்தியாகக் கொள்ளாமல் வழிவழிக் கதையாகக் கொள்வதே நல்லது.

கல்லூரிகளும் கருவிகளும்

உலகின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியை 1762-இல் பிரான்சின் லியோன் நகரில் குளோட் பூர்ஷெலா திறந்தார். மாடுகளைக் கொள்ளை கொள்ளையாகக் கொன்ற வெக்கை நோயும், படைக்குக் குதிரை வேண்டியிருந்ததும் அதற்குக் காரணங்கள். மாட்டுத் தொழுவத்தில் நள்ளிரவில் நடக்கும் ஈற்றுக்கு அந்தக் கல்லூரிகள் தொடக்கத்தில் பெரிய இடம் தரவில்லை. நூறு ஆண்டுகளுக்குப் பிறகே நிலைமை மாறியது. 1870-களில் பிரான்சில் சேன்-சிர், ஜெர்மனியில் ஃபிராங்க், இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபிளெமிங் ஆகியோர் அடுத்தடுத்துக் கால்நடை ஈற்றியல் நூல்களை வெளியிட்டார்கள். கன்று எந்தெந்த நிலைகளில் வரலாம், தலை பின்னே திரும்பியிருந்தால் எப்படிச் சரிசெய்வது, முழங்கால் மடங்கியிருந்தால் குளம்பைக் கையால் மூடிக்கொண்டு எப்படி நிமிர்த்துவது என்பதெல்லாம் ஒழுங்காக வகுத்து எழுதப்பட்டது அப்போதுதான். சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது.

கருவிகளிலும் ஒரு பரிமாற்றம் உண்டு. 1890-களில் இத்தாலியின் லியோனார்டோ கிக்லி, பெண்களின் இடுப்பு எலும்பை அறுத்துப் பிரசவ வழியை அகலமாக்கக் கம்பி ரம்பம் ஒன்றைச் செய்தார். மனிதரிடம் அம்முறை வழக்கொழிந்தது. கம்பி ரம்பம் மட்டும் மாட்டுத் தொழுவத்துக்கு வந்து நிலைத்தது. இரண்டு குழாய்களின் வழியே அந்தக் கம்பியைச் செலுத்தி, இறந்த கன்றைத் தாயின் உள்ளேயே அறுத்து எடுக்கும் கருவியை டென்மார்க்கின் தைகேசன் செம்மைப்படுத்தினார். கம்பி குழாய்க்குள் ஓடுவதால் தாயின் தசையில் உராயாது. கொலுமெல்லாவின் மேய்ப்பன் கத்தியால் செய்ததையே இது பாதுகாப்பாகச் செய்தது.

கருவிகளைவிடப் பெரிய மாற்றம் ஓர் ஊசி. மாட்டின் உள்ளே கைவிட்டவர்களுக்குத் தெரியும், அது முக்கும்போது கை இடுப்பெலும்புக்கும் கன்றுக்கும் இடையே நசுங்கி மரத்துப் போகும். நிமிர்த்திய கால் மறுபடி மடங்கிவிடும். 1920-களின் நடுவில் வியன்னாவின் ஃபிரான்ஸ் பெனெஷ் முதலியோர், வாலின் அடியில் எலும்புகளுக்கு இடையே சில மில்லி மரப்பு மருந்தைச் செலுத்தும் முறையைப் பரப்பினார்கள். மாடு நின்றுகொண்டே இருக்கும். பின்பகுதி மட்டும் மரத்து, முக்கல் நின்றுவிடும். மருத்துவர் நிதானமாக வேலை செய்யலாம். யார்க்‌ஷையர் கால்நடை மருத்துவர் ஆல்ஃப் வைட், ஜேம்ஸ் ஹெரியட் என்ற புனைபெயரில் 1970-இல் வெளியிட்ட முதல் நூல், தொழுவத்தின் கல்தரையில் படுத்துக்கொண்டு மாட்டுக்குள் கைவிட்டுத் தவிக்கும் இளம் மருத்துவரின் காட்சியோடுதான் தொடங்குகிறது. அந்தத் தொழிலின் சிரமத்தை உலகம் அறிந்தது பாடநூல்களால் அல்ல, அந்தக் கதைகளால்தான்.

எருமையின் முறுக்கு

இப்போது பக்கத்து வீட்டு எருமைக்கு வருகிறேன். கருப்பை ஒரு பை. அதைத் தாங்கும் தசைநார்கள் ஒரு புறம் மட்டுமே பற்றியிருக்கின்றன. சினை முற்றிய நிலையில் மாடு படுத்து எழும்போது அந்தப் பை தன்னைத்தானே சுற்றிக்கொள்ளக்கூடும். வாயைத் திருகிய துணிப்பை போல வழி அடைபடும். இரத்தக் குழாய்களும் திருகப்படும். பனிக்குடம் வெளியே வராமல் மாடு வீணாக முக்கிக்கொண்டிருப்பது இதன் அடையாளம். இந்திய எருமைகளில் கடின ஈற்றுக்கு முதன்மையான காரணம் இதுவே. பெரும்பாலும் வலப்பக்கமாகவே முறுக்கு விழுகிறது.

இதற்கான மருத்துவம் வேடிக்கையானது, ஆனால் தர்க்கம் பிசகாதது. கருப்பையைத் திருப்ப முடியாதென்றால் எருமையைத் திருப்பு. ஷாஃபர் முறை என்பது இதன் பெயர். முறுக்கு விழுந்த பக்கமாகவே எருமையைப் படுக்க வைத்து, விலாப்பக்கத்தில் நீண்ட பலகையை வைத்து, அதன்மேல் ஒருவர் நின்று உள்ளேயிருக்கும் கருப்பையை அசையாமல் அழுத்திக்கொள்வார். மற்றவர்கள் கால்களைக் கட்டிய கயிற்றைப் பிடித்து எருமையை முறுக்கின் திசையிலேயே புரட்டுவார்கள். பை நின்ற இடத்தில் நிற்க, உடல் சுற்றி வந்து அதை எட்டிப் பிடிக்கும். திசையை மாற்றிப் புரட்டினால் முறுக்கு இறுகும். எனவே எந்தப் பக்கம் என்பதை முதலில் கையால் உணர்ந்தறிய வேண்டும். பஞ்சாபில் இம்முறை மேலும் திருத்தப்பட்டது. நேரத்தோடு செய்தால் சில புரட்டல்களில் வழி திறந்துவிடும். முதல் ஒரு நாளுக்குள் என்றால் கன்றுக்கும் வாய்ப்புண்டு. அந்த எருமையைச் சுற்றி நின்ற நான்கு பேரிடமும் ஒரு பலகையும் கயிறும் இருந்தன. முறை மட்டும் தெரியவில்லை.

மனிதன் உண்டாக்கிய கடின ஈற்று

வயிற்றைத் திறந்து கன்றை எடுப்பது, மரப்பு மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் வந்த பிறகு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழக்கமான சிகிச்சையாயிற்று. மாடு நின்றபடியே இருக்க, இடது விலாவில் வெட்டுகிறார்கள். இடப்பக்கம் பெரிய இரைப்பை இருப்பதால் குடல் வெளியே சரியாது.

இந்த வசதிக்கு ஓர் எதிர்விளைவும் உண்டானது. பெல்ஜியத்தின் நீல இன மாடுகளில் தசை இரு மடங்காகத் தெரியும்படி தேர்ந்து வளர்த்தார்கள். தசை வளர்ச்சிக்குத் தடைபோடும் மயோஸ்டேட்டின் மரபணு அந்த மாடுகளில் பழுதாகியிருப்பதை 1997-இல் கண்டறிந்தார்கள். கன்று வயிற்றிலேயே பருத்துவிடும், தாயின் வழியோ குறுகல். அந்த இனத்தில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கன்றுகள் அறுவை மூலமே பிறக்கின்றன. புல்டாக் நாயிலும் இதே கதைதான். பெரிய தலையும் குறுகிய இடுப்பும் வேண்டுமென்று தேர்ந்து வளர்த்ததால், பிரிட்டனில் எடுத்த ஒரு கணக்கில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் அறுவை ஈற்று. அறுவை இல்லாத காலத்தில் இப்படிப்பட்ட இனங்கள் நிலைத்திருக்கவே முடியாது. நம் பக்கத்தில் இவ்வளவு தூரம் போகவில்லை. ஆனாலும் சிறிய உடல் கொண்ட நாட்டுக் கிடேரிக்குப் பெரிய இனக் காளையின் விந்தைச் செலுத்தினால் தலைச்சன் ஈற்றில் இடர் வரும் என்பதை ஊசி போடச் சொல்லும் முன் யோசிக்க வேண்டும்.

நாளைக் குறிப்பது யார்?

வகுப்பில் உயிரியல் நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, கன்று பிறக்கிற நாளைத் தாய் முடிவு செய்யுதா, கன்று முடிவு செய்யுதா?" தாய்தான் என்று சொல்லிவிட்டேன். தவறான விடை என்பது பிறகு தெரிந்தது.

அமெரிக்காவின் ஐடஹோ மாநில மலைப்பகுதியில் 1950-களில் செம்மறிக் குட்டிகள் ஒற்றைக் கண்ணோடு பிறந்தன. சினையான 14-ஆம் நாளில் தாய் ஆடு கார்ன் லில்லி என்ற செடியைத் தின்றதுதான் காரணம் என்று யூட்டாவின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதில் இன்னொரு விந்தையும் இருந்தது. அப்படிப்பட்ட குட்டிகளைச் சுமந்த ஆடுகளில் சில, நாள் கடந்தும் ஈனவில்லை. மூளை சிதைந்த அந்தக் குட்டிகளின் பிட்யூட்டரி சுரப்பி கெட்டுப் போயிருந்தது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் குர்ன்சி இனப் பசுக்களை ஆராய்ந்தவர்களும் இதையே கண்டிருந்தார்கள். கன்றுக்குப் பிட்யூட்டரி இல்லை என்றால் சினைக்காலம் நீண்டுகொண்டே போயிற்று.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பெண்களுக்கான மருத்துவமனையில் பணிபுரிந்த கிரஹாம் லிக்கின்ஸ் இதைப் பிடித்துக்கொண்டார். அவர் மனிதர்களுக்கான மகப்பேறு மருத்துவர். குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் விரியாமல் இறக்கும் குழந்தைகளே அவருடைய கவலை. பிரசவம் ஏன் தொடங்குகிறது என்று தெரிந்தால் அதை நிறுத்தவும் முடியும் என்று எண்ணினார். டேவிஸ் ஆய்வாளர்களோடு சேர்ந்து, வயிற்றிலிருக்கும் செம்மறிக் குட்டியின் பிட்யூட்டரியை மட்டும் மின்சூட்டால் அழித்தார். தாய்க்கு ஒரு குறையும் இல்லை, ஆனாலும் ஈற்று தொடங்கவில்லை. 1967-இல் இது வெளியானது. அடுத்து எதிர்த்திசையில் முயன்றார். குட்டியின் உடலில் கார்ட்டிசால் வகை மருந்தைச் செலுத்தியதும் தாய் சில நாளிலேயே ஈன்றது. நாளைக் குறித்தது குட்டிதான். அதன் மூளையிலிருந்து பிட்யூட்டரிக்கும், அங்கிருந்து சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிக்கும் செய்தி போய், கார்ட்டிசால் உயர்ந்து, அது நஞ்சுக்கொடியில் இயக்குநீர்களின் அளவை மாற்றி, கருப்பையைச் சுருங்கச் செய்கிறது.

அந்தச் சோதனைகளின்போது ஒரு குட்டி, பிழைக்கவே முடியாத அளவு முன்னதாகப் பிறந்தும், மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது. ஈற்றைத் தொடங்கி வைத்த அதே மருந்து நுரையீரலையும் முன்கூட்டியே முதிரச் செய்திருந்தது. லிக்கின்ஸ் தேடியது பிரசவத்தை நிறுத்தும் வழி. கிடைத்தது வேறொன்று. ஆனால் தாம் தேடியதைவிட அது பெரியது என்று உடனே உணர்ந்துகொண்டார் என்பதில்தான் அவருடைய சிறப்பு.

குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியோடு சேர்ந்து, குறைமாதப் பிரசவம் நேரவிருந்த 282 தாய்மாரிடம் சோதித்து 1972-இல் முடிவை வெளியிட்டார். எதிர்பாராமல் முன்னதாகப் பிரசவித்த தாய்மாரில், மருந்து பெறாதவர்களின் குழந்தைகளில் பிறந்த சில நாளில் இறந்தவை 15 விழுக்காடு. பெற்றவர்களின் குழந்தைகளில் 3.2 விழுக்காடு. இருந்தும் மருத்துவ உலகம் தயங்கியது. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனம் இதைப் பொதுவாகப் பரிந்துரைத்தது 1994-இல்தான். தனித்தனிச் சோதனைகளைத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பின் சின்னத்தில் உள்ள கிடைக்கோடுகள் இந்த மருந்தின் ஏழு சோதனைகளைக் குறிப்பவை. தொகுத்துப் பார்க்காமல் காலம் கடத்தியதால் இழந்த குழந்தைகளை நினைவூட்டுகிறது அந்தச் சின்னம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். செம்மறியில் கண்ட வழி எல்லா விலங்குக்கும் அப்படியே பொருந்தாது. மனிதத் தாய்மாரில் இந்த மருந்து பிரசவத்தைத் தொடங்கி வைப்பதில்லை, குழந்தையின் நுரையீரலை மட்டுமே தயார் செய்கிறது. அதனால்தான் பயமின்றிக் கொடுக்க முடிகிறது. பசுவிலோ செம்மறியைப் போலவே ஈற்று தொடங்கிவிடும். ஆகவே டெக்சாமெத்தசோன் என்னும் அதே மருந்தை நாள் கடந்த பசுவுக்குக் கன்று ஈனச் செய்ய ஒரு மருத்துவர் போடுகிறார், குறைமாதத்தில் வலி கண்ட தாய்க்குக் குழந்தையின் மூச்சுக்காக இன்னொரு மருத்துவர் போடுகிறார். அந்த மாணவிக்கு நான் சொன்ன விடையைத் திருத்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவள் படிப்பு முடித்துப் போய் வெகுநாள் ஆகிவிட்டது.